பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு கிண்ணம் நுரை

கொல்கத்தா உணவகம் ஒன்றின் பட்டியலிலிருந்து மறைந்துபோன ஓர் இனிப்பை வீட்டில் மீட்டெடுக்கும் முயற்சி இது. அதைச் சாப்பிட வேண்டியவருக்கு முட்டையும் கூடாது, மதுவும் கூடாது.

கொரமாண்டல் எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கை மாமி, என் மடியிலிருந்த தெர்மகோல் பெட்டியைச் சுட்டிக்காட்டி, “மருந்தா?” என்று கேட்டார். இன்சுலின் என்று நினைத்திருக்கிறார். “சாக்லேட்” என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. சாக்லேட்டை இப்படிப் பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு 1,660 கிலோமீட்டர் யாராவது போவார்களா?

போகிறேன். பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே 400 கிராம் கறுப்புச் சாக்லேட் இருக்கிறது. கைப்பையில் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி ஒன்று, எலெக்ட்ரானிக் தராசு ஒன்று. ஒரு பிளாஸ்டிக் உறையில், கும்பகோணத்திலிருந்து அம்மா அனுப்பிய காய்ந்த நாரத்தைத் தோல். உப்புப் போடாதது. “உப்புப் போடாம நார்த்தங்காயக் காயவெக்கச் சொல்றா, இவ எம்.ஏ. படிச்சிருக்கா” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

இது 2024 டிசம்பர். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே ஒரு பழைய வீட்டின் மாடியில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. விழுங்குவது இன்னும் சிரமம். அவரை நான் தீதி என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். அவர் கேட்ட ஒரே ஒரு பண்டத்தைச் செய்து கொடுக்கத்தான் இந்தப் பயணம்.

2003ல், தமிழ் எம்.ஏ. பட்டமும் அகராதியின் துணையோடு நிற்கும் ஆங்கிலமும் கைவசம் இருக்க, கொல்கத்தாவில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சோப்பு, பற்பசை, கொசுவர்த்தி உறைகளில் வரும் வாசகங்களைத் தமிழில் தருவது வேலை. சம்பளம் ரூ. 6,500. லேக் மார்க்கெட்டில் வாழை இலை, ஃபில்டர் காபிப் பொடி, வெற்றிலை எல்லாம் கிடைக்கும்; பல தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி அது. அங்கே வீடு பார்க்கச் சொல்லி அப்பா கடிதம் எழுதினார். அகப்பட்டது ஒரு வங்காளி வீட்டின் மாடி அறை. வீட்டுக்காரம்மா காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மளிகைக்கடைச் சீட்டில்கூடப் பிழை தேடும் ரகம்.

எனக்கு வங்காளம் கற்றுத்தர அவர் எடுத்துக்கொண்ட பாடப்புத்தகம் சாப்பாட்டுப் பட்டியல். மீன்களின் பெயர்களில் ஆரம்பித்து இனிப்புகளில் முடிப்பார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறிப் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்குவோம். செய்முறைத் தேர்வுக்காக.

பார்க் ஸ்ட்ரீட் ஒரு விசித்திரமான தெரு. அதன் ஒரு முனையில் 1767ல் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் தெருவுக்கே இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயர். நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்காவால் பிற்பாடு பார்க் ஸ்ட்ரீட் ஆனது. இப்போது அரசு ஆவணங்களில் அன்னை தெரசா சரணி. டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். 1927லிருந்து இருக்கும் ஃப்ளூரிஸ், மொகாம்போ, டிரிங்காஸ் என்று உணவகங்கள் வரிசையாக நிற்கும். டிரிங்காஸில்தான் 1969 வாக்கில் காஞ்சிபுரம் புடவையும் பெரிய பொட்டுமாக உஷா அய்யர் என்ற தமிழ்ப் பெண் மேடையேறி மேற்கத்தியப் பாடல்களைப் பாடினார். பின்னாளில் நாடு அவரை உஷா உதுப் என்று அறிந்தது. “உங்க ஊர்ப் பெண் புடவையோடு வந்து எங்கள் தெருவை ஜெயித்தாள். நீ ஏன் பயப்படுகிறாய்?” என்பார் தீதி, நான் கத்தி, முள்கரண்டியைப் பார்த்து மிரளும்போதெல்லாம்.

நாங்கள் போனது இந்தப் பிரபலங்கள் எதற்கும் அல்ல. ஒரு பக்கச் சந்தில், மங்கலான சிவப்பு விளக்கும் தேய்ந்த சோபாக்களுமாக ஒரு சிறிய இடம். சமையற்காரர் சிட்டகாங் பக்கத்து மக் வம்சம் என்று தீதி மரியாதையோடு சொல்வார். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே கொல்கத்தாவின் கப்பல்களிலும் கிளப்களிலும் ஐரோப்பியச் சமையலில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய பௌத்த சமூகம் அது. தீதியும் அவர் கணவரும் ஒவ்வொரு திருமண நாளுக்கும் அங்கேதான் போவார்களாம். அவர் போன பிறகு தீதி தனியாகப் போகவில்லை. நான் வந்த பிறகுதான் மறுபடியும்.

எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கும் ஒரு முழுச் சாப்பாடு கட்டாது. ஒரு சூப், ஒரு சாக்லேட் மூஸ், இரண்டு கரண்டி. மூஸ் என்பது சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் வரும். மேலே கிரீம் அலங்காரம் கிடையாது. மெலிதாகச் சீவிய ஆரஞ்சுத் தோல் ஒரு சுருள், அவ்வளவுதான். முதல் கரண்டியை வாயில் வைத்தபோது ஏமாந்துபோனேன். கனமே இல்லை. காற்றைத் தின்பது போலிருந்தது. அடுத்த நொடி அது உருகி நாக்கு முழுக்கப் பரவியது. பிறகு ஆரஞ்சு வாசனையோடு ஒரு கசப்பு. கடைசியாகத் தொண்டையில் மெல்லிய சூடு.

முட்டை புழங்காத கும்பகோணத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அர்த்தம் கேள்” என்றார் தீதி. கிண்ணம் காலியான பிறகுதான் சொன்னார்: பச்சை முட்டை, ஆரஞ்சு மது. அதற்குள் பாவம் முடிந்துவிட்டிருந்தது.

2005ல் ஊர் திரும்பினேன். தீதியோடு கடிதம், பிறகு தொலைபேசி, பிறகு வாட்ஸ்அப். சில ஆண்டுகள் கழித்துப் போனபோது அந்த இடம் கைமாறியிருந்தது. விளக்குகள் வெளிச்சமாகிவிட்டன. பழைய சமையற்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் தன் செய்முறைகளை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார் ஒரு பரிமாறுபவர். மூஸ் என்று கேட்டதற்கு வந்தது, பழுப்பு நிறத்தில் நுரைத்த பேக்கரி கிரீம். தீதி ஒரு கரண்டி எடுத்துவிட்டு, “சரியான வார்த்தை, தவறான அர்த்தம்” என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அதன் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை.

நவம்பரில் தீதியின் மருமகன் முறையுள்ள பையன் தொலைபேசியில் பேசினான். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை குறைகிறது என்றான். குழைத்த சோறு, மசித்த காய், தயிர். மூன்று மாதங்களாக இதுதான். வங்காளிகளின் உயிரான மிஷ்டி தொய்கூட அலுத்துவிட்டது. மீன் முள்ளுக்குப் பயந்து மீனே கிடையாது. போனை அவரிடம் கொடுத்தான். நான் ஹில்சா மீன் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: “மாத்ராஜி மேயே... அந்த நுரை.”

மூஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நுரை என்றுதான் பொருள்.

அவரைக் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் பேசினேன். பக்கவாத நோயாளிகளுக்கு விழுங்கும் பயிற்சி தருவதும் அவர்கள் வேலையே. சாக்லேட் கூடாது என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு. தண்ணீராக இருப்பதும் வாயில் சட்டென்று தண்ணீராகிவிடுவதும்தான் ஆபத்து. அது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரைக்கும் கொண்டுவிடும். அதனால்தான் ஐஸ்கிரீம்கூட வேண்டாம் என்கிறார்கள். கட்டியில்லாமல், ஒட்டாமல், கரண்டியைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக விழ வேண்டும். அப்படிப்பட்ட மூஸ் என்றால் தான் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். மருத்துவர் இரண்டு நிபந்தனைகள் சேர்த்தார். வேகாத முட்டை வேண்டாம், அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சாப்பிடும் மருந்துகளோடு மது ஒரு சொட்டும் வேண்டாம்.

முட்டையும் மதுவும் இல்லாமல் அந்த மூஸில் என்ன பாக்கி?

இந்த வகைக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். மூலத்தில் உள்ளதை அப்படியே கொண்டுவர முடியாதபோது, முதலில் மூலம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே சென்னை வீட்டில் முதலில் மூலத்தையே செய்து பார்த்தேன், முட்டையோடும் மதுவோடும்.

பிரெஞ்சுக்காரர்களின் ஆரஞ்சு மதுக்களில் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. 1875ல் ஆன்ஜே நகரத்தில் பிறந்த குவான்த்ரோ, 1880ல் வந்த கிராண்ட் மார்னியே. இரண்டிலும் 40 சதவீதம் ஆல்கஹால். விமானநிலையக் கடையில் வாங்கிய சின்ன மாதிரிக் குப்பியைத் தோழி ஒருத்தி கொடுத்து உதவினாள். கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினேன். பளபளவென்று உருகியது. ஒரு தேக்கரண்டி மதுவை ஊற்றினேன். கண் முன்னாலேயே அது மணல் போலக் கட்டி தட்டிப் போயிற்று.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாக்லேட் என்பது கோகோ வெண்ணெயில் மிதக்கும் சர்க்கரை, கோகோத் துகள்கள். கொஞ்சம் ஈரம் பட்டால் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் தண்ணீரேதான். இன்னும் நிறையத் தண்ணீர் சேர்த்தால் கட்டி கரைந்து வழவழப்பான குழம்பாகிவிடும். சில சொட்டுகள் கெடுத்ததை ஒரு குவளை காப்பாற்றுகிறது. இந்த அறிவு பின்னால் பயன்பட்டது.

இரண்டாவது முறை மதுவை வெதுவெதுப்பான பாலில் கலந்து மொத்தமாக ஊற்றி, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தபோது, அது வந்துவிட்டது. பார்க் ஸ்ட்ரீட் சந்து, சிவப்பு விளக்கு, எல்லாம். சமையலறையில் நின்றபடியே கிண்ணத்தில் பாதியைத் தின்றேன். பிறகு குறித்துக்கொண்டேன். முட்டை தருவது காற்று. மது தருவது மூன்று: ஆரஞ்சு மணம், கசப்பு, தொண்டையில் சூடு. இந்த நான்கையும் வேறு எங்கிருந்தாவது வாங்க வேண்டும்.

முட்டைக்குப் பதில் கிரீம் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் அமுல் கிரீமை அரை மணி நேரம் அடித்தேன். கை வலித்ததே தவிர நுரைக்கவில்லை. அதில் கொழுப்பு 25 சதவீதம்தான். கிரீம் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் தாவரக் கொழுப்பு கிரீம் இரண்டே நிமிடத்தில் மலையாக எழுந்தது. ஆனால் மெழுகுவர்த்தி வாசனை. தீதி அதைத்தான் ஏற்கனவே நகர்த்தி வைத்திருந்தார்.

கடைசியில் வழிகாட்டியவர் சமையற்காரர் அல்ல, ஒரு வேதியியலாளர். பாரிஸில் சமையலின் வேதியியலை ஆராய்ந்த எர்வே தீஸ், 1995ல் ஒரு கேள்வி கேட்டார். கிரீம் என்பது தண்ணீரில் கலந்த கொழுப்பு. சாக்லேட்டிலும் கொழுப்பு இருக்கிறது. அதோடு தண்ணீரைச் சரியான அளவில் சேர்த்துக் குளிரவைத்து அடித்தால் அதுவே ஏன் கிரீமைப் போல் நுரைக்கக் கூடாது? நுரைத்தது. முட்டை இல்லை, பால் இல்லை, ஜெலட்டின் இல்லை. சாக்லேட்டும் தண்ணீரும் மட்டும்.

நம்பிக்கையில்லாமல்தான் செய்தேன். சாக்லேட்டைத் தண்ணீரோடு சேர்த்து உருக்கி, கிண்ணத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் உட்கார வைத்து அடிக்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. திடீரென்று நிறம் வெளிறி, கம்பிக் கரண்டியின் தடம் அழியாமல் நிற்கும். உடனே நிறுத்த வேண்டும். இன்னும் பத்து முறை அடித்தால் ரவை போலத் திரிந்துவிடும். எனக்குத் திரிந்தது. ஆனால் இந்த முறையில் ஒரு கருணை இருக்கிறது: மறுபடி உருக்கி மறுபடி அடிக்கலாம். தண்ணீர் அதிகமானால் சாக்லேட் சேர்க்கலாம், கெட்டியானால் தண்ணீர் விடலாம். மொழிபெயர்ப்பைப் போல எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரே ஒரு விதி, கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட்டாக இருக்க வேண்டும். விலை மலிந்த காம்பவுண்ட் சாக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பைப் போட்டிருப்பார்கள். அந்த ருசியும் உருகலும் வராது. கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். நம் உடம்பின் சூட்டுக்குச் சற்றே கீழே. வாயில் வைத்ததும் கரைகிற மாயம் அதுதான்.

காற்று கிடைத்துவிட்டது. ஆரஞ்சும் கசப்பும் சூடும் பாக்கி.

சென்னைக் கடையில் வாங்கிய ஆரஞ்சுத் தோலை வெந்நீரில் ஊறவைத்துச் சேர்த்தேன். குழந்தைகளின் ஆரஞ்சு மிட்டாய் போலிருந்தது. அந்த மதுக்களில் போடுவது கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல் என்று தெரியும். அதற்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எம்.ஏ.யில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஆரஞ்சு என்ற சொல் பிரெஞ்சுக்கு வந்தது அரபு நாரஞ்சிலிருந்து. அது பாரசீக நாரங்கிலிருந்து. அது வடமொழி நாரங்கத்திலிருந்து. வடமொழிக்கு அது திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்று மொழியறிஞர்கள் பலரும் கருதுகிறார்கள். நம் நாரத்தையின் உறவு. சொல் உலகம் சுற்றி மதுப்புட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழமோ கும்பகோணத்து வீட்டுக் கொல்லையில் ஊறுகாய்க்காகக் காத்திருக்கிறது. படித்த தமிழ் என் சமையலுக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

சூடு சுலபமாகக் கிடைத்தது. ஒரு துண்டு இஞ்சி.

கொரமாண்டல் மதியம் ஏலூருவைக் கடக்கிறது. ஜன்னலில் தென்னையும் எண்ணெய்ப்பனையும்தான் தெரிகின்றன. ஆனால் இந்த வட்டாரத்துத் தோப்புகளின் நிழலுக்குள்ளே ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. இந்தியாவின் கோகோ விளைச்சலில் இன்று ஆந்திரம்தான் முன்னணி. நம் பொள்ளாச்சித் தோப்புகளிலும் இருக்கிறது. கிளை நுனியில் தொங்காமல் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக் காய்க்கும் காய். உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள். அவற்றை ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்தால்தான் சாக்லேட் வாசனையே பிறக்கிறது. 1980ஐ ஒட்டி விலை சரிந்தபோது கேரள, கர்நாடக விவசாயிகள் தவித்தார்கள். பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ கொள்முதலில் இறங்கியது. 1986ல் புத்தூரில் தானே சாக்லேட் தொழிற்சாலையும் தொடங்கியது. 2024ல் நிலைமை தலைகீழ். உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியது. என் மடியிலிருந்த 400 கிராமுக்கு எதிர் இருக்கை மாமி காட்டிய மரியாதை போதாது.

மறுநாள் காலை, பாலசோருக்கு முன்னால் பஹானகா பஜார் நிலையத்தை வண்டி கடக்கும்போது பெட்டியில் பேச்சு தானாக நின்றது. 2023 ஜூன் 2 அன்று, எதிர்த்திசையில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த இதே கொரமாண்டல் அங்கேதான் விபத்துக்குள்ளாயிற்று. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்கே வேலை தேடி வந்த வங்காளத் தொழிலாளர்கள் அதில் பலர். மாமி கண்ணை மூடிக் கைகூப்பினார். சற்று நேரம் கழித்துத்தான் காபி வந்தது.

வண்டி இப்போதெல்லாம் ஹௌராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. டாக்சி பிடித்து நேரே நியூ மார்க்கெட். 1874லிருந்து இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் டிசம்பர் என்றால் தனி வாசனை. நாஹூம் யூத பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்போதே கூட்டம். 1902ல் தொடங்கிய கடை. பழக்கடைகளில் கமலா லேபு குவிந்திருந்தது. டார்ஜிலிங் மலைச்சரிவிலிருந்து குளிர்காலத்தில் மட்டும் இறங்கிவரும் சிறிய ஆரஞ்சு. நகம் பட்டாலே தோல் எண்ணெய் தெறிக்கும். ஒரு டஜன் வாங்கினேன்.

தீதி இளைத்திருந்தார். நெற்றியில் கண்ணாடி இல்லை, கழுத்தில் கயிற்றில் தொங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தார்.

மறுநாள் காலை பேச்சுப் பயிற்சியாளர் வரும் நேரத்துக்குக் கணக்கிட்டு வேலையைத் தொடங்கினேன். இரண்டு கமலாவின் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, நாரத்தைத் தோல் விரல் நீளத் துண்டு, இஞ்சி ஒரு வில்லை எல்லாவற்றையும் 200 மில்லி கொதிநீரில் போட்டு மூடினேன். நாரத்தையைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கசப்பு எல்லை மீறும். மற்றவை இன்னொரு பத்து நிமிடம். வடிகட்டி 160 மில்லி அளந்துகொண்டேன். ஒரு கரண்டி சர்க்கரையைக் கருகும் பதத்துக்குக் காய்ச்சி அதில் கரைத்தேன். பீப்பாயில் கிடந்த மதுவின் அடர்த்திக்கு இது பதிலாள். 200 கிராம் சாக்லேட்டைச் சேர்த்து உருக்கினேன்.

முதல் தடவை நுரைக்கவே இல்லை. பத்து நிமிடம் அடித்தும் குழம்பாகவே இருந்தது. மருமகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் வர இருபது நிமிடம். சென்னையில் செய்தபோது வராத பயம் அப்போது வந்தது. தீதியிடம் போய், “வரவில்லை” என்று சொல்ல வேண்டியிருக்குமோ? தராசைப் பார்த்தபோதுதான் புரிந்தது, கரைத்த சர்க்கரைப் பாகின் தண்ணீரையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். இன்னும் 30 கிராம் சாக்லேட்டைப் போட்டு மறுபடி உருக்கி, மறுபடி பனிக்கட்டி. நான்காவது நிமிடம் நிறம் வெளிறியது. நிறுத்தினேன்.

பயிற்சியாளர் சிறிய பெண், கறாரான பெண். ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தார். ஒரே உருண்டையாகத் தட்டில் விழுந்தது. அதை அப்படியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தீதிக்கு வழக்கமான பயிற்சிகளைத் தொடங்கினார். தண்ணீர் பிரிகிறதா என்று பார்க்கிறாராம். பிரியவில்லை. தான் ஒரு வாய் சாப்பிட்டு, நாக்கில் வைத்து நிதானமாகக் கரையவிட்டு, கெட்டிப் பாகாகத்தான் உருகுகிறது என்று தலையாட்டினார். “அரைக் கரண்டி. நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒவ்வொன்றாக.”

தீதியைத் தலையணை வைத்து நிமிர்த்தினோம். நான் ஊட்டினேன். வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். தொண்டை அசைவதைப் பயிற்சியாளர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு விழுங்கலுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. இருமல் வரவில்லை.

தீதி கண்ணைத் திறந்தார். “மது எங்கே?” என்றார்.

மெய்ப்புத் திருத்துபவரிடம் தப்ப முடியுமா? “டாக்டர் வெட்டிவிட்டார்” என்றேன்.

யோசித்தார். “தெரிகிறது. ஆனால் இடம் காலியாக இல்லை” என்றார். பிறகு வாயைத் திறந்தார். அன்று ஆறு அரைக் கரண்டி சாப்பிட்டார். ஏழாவதைப் பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை. மீதியை மருமகனின் குழந்தைகள் கிண்ணத்தோடு நக்கினார்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், அந்தச் சந்தில் அவரும் கணவரும் முதல்முறை போன கதையைச் சொல்லச் சொன்னேன். அதை எனக்கு இருபது தடவை சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை ரொம்ப மெதுவாகச் சொன்னார், ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. நடுவில் மருமகன் குறுக்கிட்டு ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தபோது அவனைக் கையமர்த்தினார்.

ஊருக்குக் கிளம்பும் முன், மருமகன் செய்து கொடுக்க வேண்டுமே என்று செய்முறையை வங்காளத்தில் எழுதினேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில். நாரத்தைத் தோல் மீதியை உறையில் போட்டு அதன்மேல் பெயரை வங்காள எழுத்தில் எழுதிவைத்தேன். தாளைத் தீதியிடம் காட்டினேன். இடது கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வரிவரியாக விரலை ஓட்டினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பேனா கேட்டார்.

கமலா என்ற சொல்லில் ஒரு கால் அதிகம் போட்டிருந்தேன். இடது கையால், கோணல்மாணலாக, அதை அடித்தார்.